ரிசீவரைக் குற்றம் சொல்லுமுன்

வீட்டுத் திரையரங்குக்கென்று வாங்கிய ரிசீவர் எதிர்பார்த்தபடி ஒலிக்காவிட்டால், பழி முதலில் அந்தக் கறுப்புப் பெட்டியின் தலையில்தான் விழுகிறது. வசனம் கேட்கவில்லை, பாஸ் குமுறுகிறது, பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் ஊமையாக நிற்கின்றன, உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை, சண்டைக் காட்சியின் நடுவில் தானே அணைந்துபோகிறது என்று குறைகள் பல. அவற்றுக்குக் கடையில் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: இதைவிடப் பெரிய மாடல். ஆனால் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வேரைத் தேடிப்போனால், பெட்டி கெட்டுப்போயிருப்பது அரிது என்பது தெரியவருகிறது. ரிசீவர் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்கிறது. ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவு, உள்ளே வரும் ஒலி எந்த வகை என்று அதனிடம் சொல்லப்பட்ட விவரங்களில் ஒன்று பொய்யாகும்போது, அது அந்தப் பொய்யின்படி விசுவாசமாக ஒலிக்கிறது. ஆகவே ரிசீவரை அமைப்பதையும் அதன் பழுதைத் தேடுவதையும் ஒரே வேலையாகப் பார்ப்பதுதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ஒரு குமிழ் ஒரு வேலையைச் செய்தது. திருகினால் விளைவு அப்போதே காதில் விழுந்தது. 1982இல் டால்பி சரவுண்டும் 1987இல் புரோ லாஜிக்கும் வீட்டுக்கு வந்தபோதும் மூலத்தில் இருந்தவை இரண்டே தடங்கள்தான்; மற்றவை அவற்றுக்குள்ளிருந்து பிரித்து எடுக்கப்பட்டன. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டலும், மறு ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு டிடிஎஸ்ஸும் திரையரங்குக்கு வந்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தடம் என்ற முறை நிலைபெற்றது. டிவிடி அதை வீடுகளில் பரவலாக்கியது. 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கு வந்த டால்பி அட்மாஸ் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒலியோடு, அது அறையின் எந்த இடத்திலிருந்து வரவேண்டும் என்ற குறிப்பும் வருகிறது, இருக்கிற ஸ்பீக்கர்களில் எது எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்பதை ரிசீவரே கணக்கிடுகிறது. தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டி இந்தக் கணக்கைச் சரியாகப் போட முடியாது. மெனு நீண்டதற்குக் காரணம் இதுதான். பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அந்த மெனுவைத் திறப்பதே இல்லை.

வாங்கும்போது எல்லோரும் கேட்பது வாட். நம் ஊரில் இந்த எண்ணுக்கு ஒரு சோகமான வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் கையடக்க டேப்ரெக்கார்டரின் முகப்பில்கூட ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) வாட் அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இந்த ஏமாற்றைத் தடுக்க 1974இலேயே மத்திய வர்த்தக ஆணையம் ஆம்ப்ளிஃபையர்களுக்கான விதியைக் கொண்டுவந்தது. இன்றும் பெட்டியில் இருக்கும் பெரிய எண், ஒரே ஒரு சேனலை ஓட்டி, ஒரே ஒரு அதிர்வெண்ணில், தாராளமான உருக்குலைவை அனுமதித்து அளந்ததாக இருக்கலாம். சரி, எண் உண்மையே என்று வைத்துக்கொள்வோம். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள இடைவெளி முழுதாக 1 டெசிபெல்கூட இல்லை. 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கர், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அதே 1 வாட்டில் 78 டெசிபெல்லுக்குக் குறையாமல் தருகிறது. பலருக்கு வீட்டில் அதுவே உரத்த சத்தம். வெடிச் சத்தத்துக்கும் இடி முழக்கத்துக்கும் கையிருப்பு வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு நாணயமாக அளந்த 50 வாட் நடுத்தர ஹாலுக்குப் போதும். சென்னை ரிச்சி தெருவில் எஸ்டிகே ஐசி வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையரை இருபது வருடம் நிறைவோடு கேட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

வாட்டைவிடப் பெரிய விஷயம் இடம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கேட்பவருக்கு நேர் முன்னே சென்டர், அதற்கு இருபுறமும் 30 பாகையில் முன் ஸ்பீக்கர்கள், பக்கவாட்டில் சற்றே பின்தள்ளி 100 முதல் 120 பாகைக்குள் சரவுண்டுகள். நம் ஹால்களில் நடப்பது வேறு. டிவி ஷோகேஸின் மேல்தட்டில் ஐந்து ஸ்பீக்கரையும் வரிசையாக அடுக்கிவைப்பார்கள். அல்லது சரவுண்டுகளைக் கூரையோரம் ஆணியடித்து மாட்டுவார்கள். சோபாவோ பின்சுவரை ஒட்டியிருக்கும். பிறகு மெனுவில் தூரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளவேண்டும். தூரம் என்ற அமைப்பு நேரத்தை மட்டுமே திருத்துகிறது. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. அருகிலிருக்கும் ஸ்பீக்கரைச் சில மில்லி விநாடி தாமதப்படுத்தி, எல்லாம் ஒரே கணத்தில் காதை எட்டும்படி செய்கிறது. அளவு என்ற அமைப்பு சத்தத்தைச் சமன் செய்கிறது. இவை இரண்டும் ஒலி வரும் திசையை மாற்றுவதில்லை. முன்னால் இருக்கும் பெட்டியிலிருந்து பின்னால் வரும் காலடி ஓசையை எழுப்ப இவற்றால் முடியாது. அதைச் செய்ய ஒயரும் ஒரு ஸ்டாண்டும் வேண்டும்.

இடத்துக்கு அடுத்தது அறை. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, கண்ணாடி ஷோகேஸ்: தமிழ்நாட்டு ஹால் ஒலியை எளிதில் விழுங்குவதில்லை. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்து எழுதிய ஆலோசனைகள் இங்கே அப்படியே பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். அங்கே சுவரே கொஞ்சம் பாஸை உறிஞ்சிக்கொள்ளும். நம் சுவர் திருப்பி அனுப்பும். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஹாலில் சுமார் 35, 47, 57 ஹெர்ட்ஸில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலையாக நின்றுவிடும். அந்த அதிர்வெண்களில் பாஸ் ஒரு நாற்காலியில் குமுறும், அடுத்த நாற்காலியில் காணாமல் போகும். அறை சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே சுருதியில் சேர்ந்து நிலைமையை மோசமாக்கும். சப்வூஃபர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்குமுன் செய்யவேண்டிய சோதனை மிக எளியது: சப்வூஃபரைத் தற்காலிகமாக உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நகர்ந்து கேட்பது. பாஸ் சீராகக் கேட்கும் இடம் எதுவோ அதுவே சப்வூஃபருக்கான இடம். செலவு எதுவும் இல்லை. சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுப்பதும் அப்படித்தான். முன்புறம் ஒரு விரிப்பும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் போட்டால் மேல் ஸ்தாயிகளின் எதிரொலி அடங்கி, வசனம் தெளியும்.

இதற்கெல்லாம்தான் ரிசீவரோடு ஒரு மைக் வருகிறதே, அதை வைத்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடாதா என்பது நியாயமான கேள்வி. அந்தத் தொழில்நுட்பம் மதிப்புக்குரியது. திரையரங்கு ஒலிக்கு டிஎச்எக்ஸ் என்ற தரத்தை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன் உள்ளிட்டோர் தொடங்கிய ஆடிஸ்ஸி, யமஹாவின் வைபிஏஓ, தனியே வளர்ந்த டிராக் ஆகியவை தூரத்தையும் அளவையும் கையால் செய்வதைவிடத் துல்லியமாக அளக்கின்றன. ஆனால் மைக் தான் கேட்டதை மட்டுமே அறியும். சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மைக்கைச் சோபாவின் சாய்மானத்தில் சாய்த்துவைத்து, குழந்தைகள் ஓடியாடும் நேரத்தில் எடுத்த அளவை ரிசீவருக்குச் சொன்ன இன்னொரு பொய். ஃபேனையும் ஏசியையும் அணைத்து, காது இருக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் மைக்கை நிறுத்தி, கேட்கும் இடத்தைச் சுற்றிலும் பல புள்ளிகளில் அளக்கவேண்டும். அளந்தபின்னும் இரண்டு இடங்களைக் கண்ணால் பார்க்கவேண்டும். முன் ஸ்பீக்கர்களை அது ‘பெரியது’ என்று குறித்திருந்தால், ஆறு அங்குல வூஃபர் உள்ளவற்றை ‘சிறியது’ என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சப்வூஃபருக்கு அனுப்புவது நல்லது. ‘சிறியது’ என்ற சொல்லில் பலருக்குத் தன்மானப் பிரச்சினை வருகிறது. அது விலையையோ உருவத்தையோ குறிப்பதில்லை, பாஸை யார் சுமப்பது என்பதைக் குறிக்கிறது. அடுத்தது, சப்வூஃபரின் தூரம் டேப் வைத்து அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் அதைத் திருத்தக்கூடாது. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்த எண். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் நீண்டகாலமாக வலியுறுத்திவருவது, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே ஒலியை ஆள்கிறது, அங்கே திருத்தம் உதவும்; அதற்கு மேலே நல்ல ஸ்பீக்கரின் இயல்பான ஒலியைத் திருத்தம் கெடுக்கவும் கூடும். அளவீட்டுக்குப் பின் குரல்கள் உயிரற்றுப்போனதாகத் தோன்றினால் சந்தேகிக்கவேண்டிய இடம் இதுதான்.

வசனம் கேட்கவில்லை என்ற புகார் இவை எல்லாவற்றிலும் பரவலானது; காரணங்களும் சிக்கலானவை. படத்தின் ஒலியைத் திரையரங்கில் ஒரு குறிப்பிட்ட உரப்புக்கு மிக்ஸ் செய்கிறார்கள்: ஒவ்வொரு முன் சேனலும் சராசரியாக 85 டெசிபெல், உச்சத்தில் 105. ரிசீவரில் ஒலியளவு 0 என்று காட்டும் இடம் அளவீட்டுக்குப் பின் அந்த உரப்பையே குறிக்கிறது. வீட்டில் யாரும் அங்கே வைப்பதில்லை. 20, 25 டெசிபெல் குறைத்தே கேட்கிறோம். அப்போது வெடிச்சத்தம் காதுக்கு இதமாகிறது, முணுமுணுப்போ ஃபேன் சத்தத்தில் மூழ்கிவிடுகிறது. குறைந்த உரப்பில் மனிதக் காது பாஸை இன்னும் குறைவாகக் கேட்கிறது என்பதும் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டிய உண்மை. வசனம் மூழ்குவதற்கான மாற்றுகள் ரிசீவரிலேயே இருக்கின்றன: உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான தூரத்தைச் சுருக்கும் இரவு முறை, சென்டரை மட்டும் 2, 3 டெசிபெல் உயர்த்துவது. ஆனால் அதற்கு முன் சென்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஷோகேஸ் தட்டின் உள்ளே தள்ளிவைத்து, முழங்காலை நோக்கிப் பேசும் சென்டர் எத்தனை டெசிபெல் உயர்த்தினாலும் தெளியாது. தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தைக் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்தவேண்டும்.

இனி இணைப்பு. சரவுண்டிலிருந்து ஒலியே வரவில்லை என்றால் ஸ்பீக்கரைத் தொடுமுன் ரிசீவரின் முகப்பைப் படிக்கவேண்டும். உள்ளே வரும் சிக்னல் என்ன என்பதை அதன் தகவல் பொத்தான் சொல்லிவிடும். அங்கே இரண்டு சேனல் பிசிஎம் என்று இருந்தால் பெட்டிக்கு வந்ததே ஸ்டீரியோதான். பழி டிவியின் ஒலி அமைப்பிலோ, செயலியிலோ, சந்தாத் திட்டத்திலோ இருக்கிறது. டிவியின் டிஜிட்டல் ஒலி வெளியீடு பிசிஎம் என்றிருப்பதை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றினால் பல வீடுகளில் பின் ஸ்பீக்கர்கள் உயிர்பெறும். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அது இயங்க இரு பக்கமும் ஏஆர்சி என்று குறித்த துளையிலேயே கேபிள் சொருகியிருக்கவேண்டும். கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் சிஇசி வசதியும் பெரும்பாலான டிவிகளில் இயக்கத்தில் இருக்கவேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்பிளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது; பெயர் தெரியாததாலேயே அணைந்துகிடக்கும். ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இல்லாத டிவியில் அட்மாஸ் கிடைக்காது என்று விற்பனையாளர் சொல்வது பாதி உண்மை. ஓடிடி தளங்கள் அனுப்பும் அட்மாஸ் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் பொதிந்து வருகிறது. டிவி ஒத்துழைத்தால் சாதாரண ஏஆர்சியே அதைத் தாங்கும். புளூரேயின் ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் இஏஆர்சி வேண்டும். பிளேயரை நேரே ரிசீவரில் சொருகிவிட்டால் அதுவும் வேண்டாம். பழைய ரிசீவர் வழியே 4கே படம் கறுப்பாகிவிட்டால், அதில் எச்டிசிபி 2.2 காப்புமுறை இல்லாதிருக்கலாம். படத்தை நேரே டிவிக்கும் ஒலியை மட்டும் ஏஆர்சி அல்லது ஆப்டிகல் வழியே ரிசீவருக்கும் பிரித்துவிட்டால் பெட்டி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

உதடும் குரலும் ஒட்டாத குறை டிவியில் பிறப்பது. படத்தை மெருகேற்றும் வேலைகளுக்கு டிவி நேரம் எடுத்துக்கொள்கிறது, ஒலி முந்திவிடுகிறது. குரல் படத்தை 45 மில்லி விநாடி முந்தினாலே கண் கண்டுபிடித்துவிடும், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்ளும் என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இன்னொரு பரிந்துரை. மின்னலுக்குப் பின் இடி கேட்டுப் பழகிய உயிர்களல்லவா நாம். ரிசீவரின் ஒலித் தாமதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது இதற்கு மருந்து; டிவியைக் கேம் முறைக்கு மாற்றிப் பார்ப்பது நோயைக் கண்டறியும் வழி.

தானே அணைந்துபோகும் ரிசீவரைப் பார்த்துத்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். உண்மையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. முதல் சந்தேகம் ஒயர்: பின்பக்க முனையில் செம்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலே ஷார்ட். எல்லா ஸ்பீக்கர் ஒயரையும் கழற்றிவிட்டு இயக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் குற்றவாளி அகப்படும். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் அணையாது. ஆனால் பாஸ் மெலிந்து, நடுவில் நிற்கவேண்டிய குரல் அறையெங்கும் சிதறும். ஒயரின் தடிமன் பற்றிக் கடைகளில் புராணமே பாடுவார்கள். கணக்கு எளிது: 10 மீட்டர் ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் போக வர மின்தடை 0.23 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயரை மட்டும் தவிர்க்கவேண்டும். தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, முனையும் சீக்கிரம் ஒடியும். இரண்டாவது சந்தேகம் வெப்பம். கதவு மூடிய ஷோகேஸில், மேலே செட்டாப் பாக்ஸைச் சுமந்துகொண்டு, மே மாதத்தில் வேலை செய்யச் சொன்னால் அது அணைவதுதான் புத்திசாலித்தனம். மேலே ஒரு சாண் இடைவெளி விட்டால் இந்தப் பழுது பெரும்பாலும் போய்விடும். இடைவிடாத ‘ம்ம்’ என்ற இரைச்சலுக்கு எர்த் சுழற்சி காரணமாகலாம். கேபிள் டிவி அல்லது டிடிஎச் ஒயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் விடை கிடைத்துவிட்டது. ஆனால் இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் கம்பியை வெட்டும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. அதை எந்த நிலையிலும் செய்யக்கூடாது.

பெட்டியே குற்றவாளியாவது இல்லையா? உண்டு. 2020இல் 8கே மாடல்கள் என்று விற்கப்பட்ட டெனான், மராண்ட்ஸ், யமஹா ரிசீவர்கள் சில, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து விநாடிக்கு 120 சட்டகம் கொண்ட 4கே படத்தை அனுப்பினால் கறுப்புத் திரை காட்டின. எச்டிஎம்ஐ 2.1 சில்லிலேயே பிழை. ஜெர்மன் இதழான சி’டி (c't) அதை வெளிக்கொண்டுவந்தது. டெனானும் மராண்ட்ஸும் தனி அடாப்டர் கொடுத்தன, யமஹா பலகையை மாற்றித்தர முன்வந்தது. இந்த நிகழ்வு என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் பிழையின் எல்லை எவ்வளவு குறுகியது என்று பாருங்கள்: எச்டிஎம்ஐ 2.1 வழி மட்டும், அதிலும் ஒரு வகைச் சிக்னல். அதே கேபிளில் நேரே டிவிக்கு இணைத்தால் படம் வந்தது, இடையில் ரிசீவர் வந்தால் போயிற்று; அப்படிப் பிரித்துச் சோதித்த பிறகுதான் பெட்டியைச் சுட்டமுடிந்தது. மூலம், கேபிள், அமைப்பு, ஒயர், இடம் என்று வரிசையாக விலக்கியபின் எஞ்சுவது பெட்டி என்றால், உத்தரவாதச் சீட்டோடு தயங்காமல் சேவை மையத்துக்குப் போகலாம். எல்லா அமைப்பையும் அழிக்கும் ரீசெட்டை அதற்கு முந்திய கடைசிப் படியாக மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். செய்யுமுன் மெனுவின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைப்பது நல்லது.

இன்னொரு மறுப்பு வலுவானது. ஹால் என்பது வீட்டார் எல்லோரும் புழங்கும் இடம். விருந்தினர் வருவார்கள், குழந்தை படிக்கும், சோபாவை இழுக்கவும் சுவரில் துளையிடவும் எல்லோருக்கும் வாய்ப்பில்லை, வாடகை வீடென்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு ரிசீவர் விற்பவர்கள் பதில் சொல்வதில்லை. நேர்மையான பதில், சேனல்களைக் குறைத்துக்கொள்வதுதான். பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமில்லாத வீட்டில் முன்னால் மூன்றும் ஒரு சப்வூஃபரும் சரியாக அமைந்தால், கண்ட இடத்தில் தொங்கும் ஏழு ஸ்பீக்கரைவிட அது மேல்; ரிசீவரிடம் சரவுண்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தத் தடங்களை முன் ஸ்பீக்கர்களுக்குள் அதுவே கலந்துகொடுக்கும். அதற்கும் இடமில்லை என்றால் சவுண்ட்பார் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

ஆக, ஓடிக்கொண்டிருக்கும் 5.1 ரிசீவரை மாற்ற இன்றைக்கு நியாயமான காரணங்கள் இரண்டு. கூரையில் ஸ்பீக்கர் பொருத்த இடமும் விருப்பமும் இருந்து அட்மாஸ் வேண்டும் என்பது ஒன்று. விளையாட்டுக் கருவியின் 4கே 120 படத்தை ரிசீவர் வழியாகவே அனுப்பியாகவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தாதவர்கள் அந்தப் பணத்தை நல்ல சென்டர் ஸ்பீக்கருக்கும் தரைவிரிப்புக்கும் செலவிடலாம்.